ஜிம்மி கிண்டிய இடமும் அண்ணா கேட்ட புல்தரையும்: முறிகண்டிப் பக்கத்து வளவு ஒன்றின் சீரமைப்பு

இலங்கையின் வன்னியில், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி, ஏ9 வீதியிலிருந்து மேற்கே இறங்கும் கிரவல் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது இந்த வளவு. கால் ஏக்கர், எங்கள் கணக்கில் 4 பரப்பு. முன்பக்கம் இந்திய வீட்டுத் திட்டத்தில் 5.5 இலட்சம் ரூபா மானியத்தோடு எழும்பிய 550 சதுர அடி வீடு. அதன் பின்னால் நீளுகிற நிலம்தான் இந்த ஆய்வின் விஷயம். ஒரு மாமரம், பெரிய வேம்பு ஒன்று, இரண்டு தென்னை, கட்டுப் பதிந்த கிணறு, கோழிக்கூடு, விறகு அடுக்கு, மூலையில் உடைந்த ஓட்டுக் குவியல். எல்லையைச் சுற்றிப் பாதி கிடுகு வேலி, பாதி கதியாலும் முள்ளுக்கம்பியும்.

வீட்டில் எழுபது தாண்டிய ஐயா, ஊரே ரீச்சர் என்று கூப்பிடும் அவருடைய மகள், அவருடைய இரண்டு பிள்ளைகள். ஐயாவின் மூத்த மகன் கனடாவில். வளவைத் திருத்தக் காசு அனுப்புகிறவர் அவர்தான். காசோடு படங்களும் வந்தன. பச்சைக் கம்பளமாகப் புல்தரை, அதன் நடுவே வளைந்து போகும் இன்டர்லொக் கல் பாதை, ஓரத்தில் திராட்சைப் பந்தல். "அண்ணா இதை மாதிரித்தான் செய்யச் சொல்லுறார்" என்று ரீச்சர் கைபேசியை நீட்டினார். படத்தில் நாய் இல்லை. வீட்டில் எட்டு மாத நாட்டு நாய் ஒன்று, மண்ணிறம், பெயர் ஜிம்மி. கிடுகைக் கடிப்பான், கோழியைத் துரத்துவான், ஓயாமல் நிலத்தைக் கிண்டுவான். புல்தரை போட்டால் ஒரு கிழமை தாங்குமா என்பது ரீச்சருக்கே சந்தேகம். அதனால்தான் திட்டம் போட்டுத் தரும்படி என்னைக் கேட்டார்.

வரைபடம் ஏற்கனவே நிலத்தில் இருந்தது

அளவு நாடாவை எடுக்க முன்னர், காலையிலும் மத்தியானத்திலும் பின்னேரத்திலும் நாய் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்து வைக்கச் சொன்னேன். பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூட வேலையை விடக் கவனமாகச் செய்தார்கள். காலையில் படலையடி. வெயில் ஏறியதும் கிணற்றடி ஈரம். மத்தியானம் வேம்பின் கீழ். பின்னேரம் பின்வேலி நீளத்துக்கு ஓட்டம், ஏனென்றால் அடுத்த வளவிலும் ஒரு நாய். அந்த வேலியோரம் புல் தேய்ந்து, இரண்டு அடி அகலத்தில் ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது.

நாய் தேய்த்த பாதையில் பூமரம் வைப்பது வீண் வேலை. அடுத்த நாள் பாதை திரும்ப வந்துவிடும், பூமரம் இராது. ஆகவே வேலியோரத்தில் மூன்றடியை அப்படியே வெறுமையாக விட்டு, பாத்திகளை அதற்கு உட்பக்கமாகத் தள்ளினோம். பாத்தியின் கரைக்குப் பழைய பனங்குற்றிகளைப் பிளந்து படுக்கப் போட்டது போதுமாக இருந்தது. ஓடிவருகிற நாய்க்கு முக்கால் அடி உயரம் தாண்ட முடியாததல்ல, ஆனால் வழி பக்கத்திலேயே திறந்திருக்கும்போது அது ஏன் தாண்டப் போகிறது?

அவன் கிண்டுகிற இடங்களும் குறிக்கப்பட்டன. கிணற்றடியிலும் வேம்படியிலும் கிண்டுவதற்குக் காரணம் வெளிப்படை. நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். மேல்மண்ணைத் தோண்டி அடியிலுள்ள குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுப்பது அதற்கு நல்ல வைத்தியம். மூன்றாவது இடம்தான் புரியவில்லை. தென்மேற்கு மூலை, நிழலும் இல்லை ஈரமும் இல்லை, ஆனால் அங்கேதான் ஆழமான கிடங்கு.

ஐயா கதிரையில் இருந்தபடியே சொன்னார்: "உவன் கிண்டுற இடத்தை வடிவாப் பாருங்கோ தம்பி. அது எங்கட பங்கர் இருந்த இடம். வந்த பிறகு நான்தான் மூடினனான்."

மண்ணைத் தெரியாமல் மண்வெட்டி இல்லை

வன்னியில் வளவு திருத்துவது பற்றி வேறு நாட்டுப் புத்தகம் எதிலும் இந்தப் பகுதி இராது. சுற்றிவர உள்ள நிலம் இறுகிய செம்மண். சோளகக் காற்றில் காய்ந்தால் அலவாங்கு இல்லாமல் இறங்காது. மூடிய பங்கரில், அதாவது போர்க்காலப் பதுங்குகுழியில், மட்டும் மண் இளக்கமாக இருக்கும். நாய்க்கு இளக்கமான மண் எங்கே என்று காலிலேயே தெரிந்துவிடுகிறது. நாங்கள் மறந்துபோன கிடங்குகளை அது கண்டுபிடித்துத் தருகிறது என்றும் சொல்லலாம்.

காணி துப்புரவு செய்து கையளிக்கப்பட்டதுதான். இந்த மாகாணத்தில் ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகள் 2002 முதல் மிதிவெடி அகற்றி வருகின்றன. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்து, 2028 வரை காலக்கெடு வாங்கியிருக்கிறது. அதாவது வேலை இன்னும் முடியவில்லை. குடிமனைகள் முன்னுரிமை பெற்றன என்றாலும், வெடிக்காத எறிகணைகளும் கைக்குண்டுகளும் கிணறு வெட்டும்போதும் குப்பை எரிக்கும்போதும் தலைகாட்டிய கதைகள் ஊர்தோறும் உண்டு. யாரோ மூடிய கிடங்குக்குள் என்ன போட்டு மூடினார்கள் என்பது, மூடியவர் ஐயாவாகவே இருந்தாலும், நிச்சயமாகத் தெரியாது. அவர் மூடமுன் அங்கே யார் யார் இருந்தார்களோ.

அதனால் முதல் வேலையாக அந்த மூலையை மரக்கட்டை நட்டுக் கம்பிவலையால் மறித்தோம், நாயும் பிள்ளைகளும் போகாதபடி. ரீச்சர் கிராம அலுவலரிடம் சொன்னார், பொலிசுக்கும் அறிவிக்கப்பட்டது. ஆட்கள் வந்து கருவியால் பார்த்து, கிண்டி, இடம் பிரச்சினையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெளியே வந்தவை உக்கிய பனங்குற்றிகள், மண் அடைத்த உரப்பைகளின் கிழிசல், கறள் பிடித்த பால்மா ரின் ஒன்று. ரின்னின் மூடி இன்னும் இறுக்கமாக இருந்தது. ஐயா அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஓட்டுக் குவியல் பக்கம் வைத்தார்.

இங்கே நாய் வளர்க்கிற, அதிலும் கிண்டுகிற வயதில் நாய் வைத்திருக்கிற வீட்டாருக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான். நாய் கிண்டிய கிடங்கில் உலோகம் தெரிந்தால் தடியால் தட்டிப் பார்க்க வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், படம் எடுக்கக் கிட்டப் போகவும் வேண்டாம். நாயைப் பிடிக்க ஓடவும் கூடாது. தூரத்தில் நின்று சாப்பாட்டைக் காட்டிக் கூப்பிட்டுக் கட்டுங்கள். வந்த வழியாலேயே திரும்பி பொலிஸின் 119க்கு அழையுங்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் போதாது, செய்து காட்டவும் வேண்டும். ரீச்சர் தன் பிள்ளைகளை ஒரு பழைய சட்டியை வைத்துப் பழக்கினார்.

கிண்டுவதற்கு ஓர் இடம்

நாயைக் கிண்டாதே என்று தடுக்க முடியாது. எங்கே கிண்டலாம் என்று காட்ட முடியும். மாமரத்தின் கிழக்குப் பக்கம், பிற்பகல் முழுக்க நிழல் விழுகிற இடத்தில், 6 அடி நீளம் 5 அடி அகலம் ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு கிடங்கு வெட்டினோம். அடியில் என்ன இருக்கிறது என்பதை வெட்டியெடுத்து நாங்களே பார்த்துக்கொண்டோம். கிடங்கை ஆற்று மணலும் சலித்த செம்மண்ணும் கலந்து நிரப்பினோம். முதல் நாட்களில் அதற்குள் தேங்காய் மட்டையையும் கருவாட்டுத் தலை கட்டிய துணியையும் பிள்ளைகள் ஒளித்து வைத்தார்கள். வேறு இடத்தில் கால் வைத்தால் சத்தம் போடாமல் கழுத்துப்பட்டியில் பிடித்து இங்கே கொண்டுவந்து விடுவது. சமைத்த எலும்பு மட்டும் வேண்டாம் என்று சொன்னேன். வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

ஆவணி வெயிலில் மத்தியானம் ஒரு வாளித் தண்ணீர் அந்த மணலில் ஊற்றினால், அன்றைக்குக் கிணற்றடி தப்பியது. அதே மாமரம் இன்னொரு தலைவலி. மாங்கொட்டை. சூப்பிப் போட்ட கொட்டையை நாய் விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். மாம்பழக் காலத்தில் மரத்தடியைக் காலையிலேயே கூட்டி அள்ளுவது ரீச்சரின் மூத்த பிள்ளைக்கு வேலையானது.

பழைய வழக்கம் ஒன்று. மீன் கழுவிய கழிவைத் தென்னையடியில் தாட்டால் தென்னை நன்றாகக் காய்க்கும் என்பது எல்லார் வீட்டிலும் உள்ளது. நாய் உள்ள வீட்டில் அதைக் கைவிட வேண்டும், அல்லது மூடியுள்ள கூட்டெருத் தொட்டிக்குள் போட வேண்டும். எலும்புத்தூள் பசளைக்கும் இதே கதி. மணத்துக்கு வந்த நாய் வேரையும் கிண்டும்.

வேலி, கிணறு, படலை

வேலிக்குத்தான் கூடுதல் காசு போனது. போக வேண்டியதும் அதுதான். நாய் இரவில் வெளியே போனால் வீதியில் வாகனம், காட்டோரம் சுருக்குத் தடம், பன்றிக்கு வைக்கிற வெடி. கருத்தடை செய்யாத ஆண் நாய் பெண் நாயின் மணத்துக்கு எவ்வளவு தூரமும் போகும், ஆகவே மிருக வைத்தியரோடு பேசி அதையும் திட்டத்தின் ஒரு பகுதியாக்கினோம்.

கிடுகு வேலி அழகு, மறைப்பு, காற்றையும் உடைக்கும். ஜிம்மிக்கு அது பல் தீட்டும் இடம். ஆறேழு மாதத்துக்குள் நிலைத்த பற்கள் வந்துவிட்டாலும் கடிக்கிற பழக்கம் ஒரு வயது வரை போகாது. கிடுகை எடுக்கவில்லை, அதன் உட்பக்கம் நான்கடி உயரக் கம்பிவலை போட்டு, அடியில் ஒரு அடி அகலத்தை உட்பக்கமாக மடித்து நிலத்தில் படுக்கவைத்து மண் மூடினோம். வேலியோடு ஒட்டிக் கிண்டுகிற நாயின் கால் வலையில் தட்டும், பின்னால் தள்ளிக் கிண்ட அதற்குத் தோன்றாது. கீழ் முள்ளுக்கம்பி இரண்டு வரியையும் கழற்றியாயிற்று. துரத்திக்கொண்டு ஓடுகிற குட்டிக்கு முள்ளுக்கம்பி கண்ணில் படாது, தோலில்தான் படும்.

கதியால்களில் பாதி சீமைக்கிளுவை. ஆடு அதன் குழையைச் சந்தோஷமாகத் தின்னும் என்பதால் எல்லாப் பிராணிக்கும் ஆகும் என்று எடுக்கக் கூடாது. அதன் பட்டையையும் விதையையும் மத்திய அமெரிக்காவில் எலிக்கு நஞ்சாக வைக்கிறார்கள். பட்டை உரித்துக் கடிக்கிற நாய்க்கு எட்டாதபடி வலை உட்பக்கம் இருப்பது இந்தக் காரணத்துக்கும் உதவியது.

கிணற்றுக் கட்டு இரண்டடி கூட இல்லை. இரும்புச் சட்டத்தில் வலை அடித்து மூடி போட்டோம், தண்ணீர் அள்ளும் பக்கம் மட்டும் திறக்கும்படி. படலைக்குக் கீழே நாலு விரல் இடைவெளி இருந்தது; ஒரு கொங்கிரீட் கட்டு வைத்ததும் அடைபட்டது.

புல்தரை வேண்டுமா, முற்றம் வேண்டுமா

கனடாவோடு நீண்ட பேச்சு நடந்தது இதில்தான். ஆனி, ஆடி, ஆவணியில் கிணறு இறங்கிப் போகிற ஊரில் புல்தரைக்குத் தண்ணீர் எங்கே? நாயின் சலம் விழுந்த இடமெல்லாம் நைதரசன் கூடிப் புல் வட்ட வட்டமாகக் கருகும். இன்டர்லொக் கல் வெயிலில் கொதித்து நாயின் பாதத்தைச் சுடும். தொட்டுப் பார்க்க உங்களுடைய புறங்கை போதும், ஐந்து செக்கன் வைத்திருக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது.

காலையில் தண்ணீர் தெளித்துக் கூட்டிய மண்முற்றம்தான் நாய் வளர்க்கிற வீட்டுக்கு நல்லது என்பது என் கருத்து. உண்ணி இருந்தால் தெரியும், பாம்பு வந்தால் தெரியும், கிண்டினால் விளக்குமாற்றால் இழுத்து மூடலாம். அம்மாமார் தினமும் கூட்டுவதைப் பழமை என்று விட்டுவிட்டுப் புல் வளர்த்த வீடுகளில் உண்ணி கூடியதைக் கண்டிருக்கிறேன். கடைசியில் ஒரு சமாதானம்: வீட்டின் முன்பக்கம், நாய் வராத சின்னத் துண்டில் புல். பின்பக்கம் மண்முற்றம், நடைபாதைக்குக் கிரவல். படத்தை விட நன்றாகத்தான் இருக்கிறது என்று அண்ணா சொன்னதாக ரீச்சர் சொன்னார். நான் அதை முழுதாக நம்பவில்லை.

திராட்சைப் பந்தலுக்கு மட்டும் ஒரேயடியாக இல்லை என்றேன். யாழ்ப்பாணத்தில் செழிக்கிற கொடி இங்கும் வரும், அதில் பிரச்சினை இல்லை. திராட்சைப் பழம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை பழம் என்று கணக்குச் சொல்ல முடியாது, ஒரு நாய்க்குக் கொஞ்சமே போதுமாகிவிடும். அந்தப் பந்தலில் பாகற்கொடி ஏறியது. வெங்காயமும் அப்படித்தான். பிடுங்கிய சின்ன வெங்காயத்தை முற்றத்தில் காயப் போட்டால் ஜிம்மி ஒன்றிரண்டை விளையாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவான். நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அது உடைக்கும். இப்போது வெங்காயம் கூரை வளையில் பிடி பிடியாகத் தொங்குகிறது.

ஏற்கனவே நின்ற மரங்களில் இரண்டு சிக்கல். மஞ்சள் அலரி: கொட்டையிலிருந்து இலை வரை இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஐயா அதன் பூவைத்தான் பூசைக்கு எடுப்பார், வெட்ட ஒப்பவில்லை. பின்வளவு மரத்தை வேரோடு எடுத்து முன்பக்கம் நாய் வராத துண்டில் நட்டோம். பிழைத்துக்கொண்டது. அடுத்தது வேலியில் தானாகப் படர்ந்த கார்த்திகைப்பூ. அதன் கிழங்கில் கொல்கிசின் உண்டு, கிண்டுகிற நாய்க்குக் கிழங்குதான் முதலில் அகப்படும். பிடுங்கிவிடுங்கள் என்று இந்த மண்ணில் யாருக்கும் சொல்ல எனக்கு வாய் வராது. வேலியின் வெளிப்பக்கத்துக்குக் கிழங்கை மாற்றி, அடியில் வலைத்துண்டு புதைத்தோம். ஆமணக்கும் ஊமத்தையும் குரோட்டனும் பேச்சில்லாமல் போயின. பதிலாகச் செவ்வரத்தை, மல்லிகை, வாழை. மூன்றும் நாய்க்குத் தீங்கில்லாதவை. வாழை கிணற்றடி வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும்.

கொட்டிலும் அடுக்குகளும்

நாய்க் கொட்டிலுக்குத் தகரக் கூரை மட்டும் போட்டால் அது அடுப்பு. தகரத்தின் மேல் பனையோலை வேய்ந்தோம். வாய் தெற்கு நோக்கி: கோடையில் சோளகம் உள்ளே வரும், மாரியில் வாடைக்காற்றும் சாரலும் முதுகில் படும். அடித்தளம் ஒன்றரை அடிச் சீமெந்து மேடை. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் வெள்ளம் வந்தபோது இந்த வளவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று ஐயா வேம்பில் கைவைத்துக் காட்டினார்; மேடை அதற்கு மேலே. நாய் உண்ணி நிலத்தை விட்டு மேலே ஏறிச் சுவர் வெடிப்பில் முட்டையிடும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். ஆகவே மேடையும் சுவரும் வெடிப்பில்லாமல் பூசப்பட்டன. தண்ணீர்ச் சட்டியைக் கழுவாமல் நிரப்பிக்கொண்டே போனால் நுளம்பு பெருகும்; தினமும் கவிழ்த்து உரஞ்ச வேண்டும்.

விறகும் ஓடும் பாம்புக்கு மாளிகை. புடையனும் நாகமும் எலியைத் தேடித்தான் வருகின்றன, எலி நெல் மூட்டையைத் தேடி வருகிறது. விறகை இரும்புச் சட்டத்தில் நிலத்திலிருந்து ஒரு அடி உயர்த்தி நாயின் பாதையிலிருந்து விலக்கினோம். ஓட்டுக் குவியல் உடைந்து கிரவலுக்கு அடியில் போனது. எலிப்பாஷாணமும் தோட்ட மருந்தும் பூட்டுப் போட்ட பெட்டியில், தோளுக்கு மேல். இவ்வளவும் செய்தாலும் கடி விழலாம். அப்படி விழுந்தால் வெட்டவோ இறுகக் கட்டவோ கூடாது. நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் உடனே போக வேண்டும். தொலைபேசி எண் கொட்டில் கதவில் மையால் எழுதியிருக்கிறது.

மாரிக்குப் பிறகு

முதல் மாரி வந்துபோன பின் பார்த்தேன். கிரவல் நடைபாதை பிடித்திருக்கிறது. படலையடி சேறாகிவிட்டது, அங்கே கல் கொட்ட வேண்டும். பங்கர் மூலை கொஞ்சம் தாழ்ந்து தண்ணீர் நின்றது. செம்மண் இரண்டு லோட் போட்டு மட்டப்படுத்துகிறார்கள். மணல் கிடங்கில் பாதி மணல் மழையில் போய்விட்டது, சுற்றிவர ஒரு வரிக் கல் உயர்த்தினால் சரி. பின்வேலி ஓட்டம் குறையவில்லை, குறையவும் போவதில்லை, அடுத்த வீட்டு நாய் இருக்கும் வரை. கோழிக்கூட்டுப் பக்கம்தான் இன்னும் தீராத வழக்கு: ஜிம்மி வலைக்கு வெளியே மூக்கை வைத்துப் படுத்துக்கொள்கிறான், கோழி முட்டையிடுவதைக் குறைத்துவிட்டது. கூட்டின் அந்தப் பக்கத்துக்குக் கிடுகு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் நாய்த் தடுப்பூசி நாளில் ரீச்சர் போட்டுவிட்டார். அடுத்த வருடத் தேதியையும் அதே கதவில் குறித்திருக்கிறார்.